எதிர்னேயும் அதன் சந்தை ஊர்களும்: ஒரு வக்ஃபு வரலாறு

இஸ்லாமிய வரலாற்றில் தலைநகரங்களைப் பற்றி நாம் நிறையப் படித்திருக்கிறோம். டமாஸ்கஸ், பக்தாத், குர்துபா, கெய்ரோ, இஸ்தான்பூல் என்று மத்ரஸா மாணவர்களும் வரிசையாகச் சொல்வார்கள். அந்த வரிசையில் இடம்பெறத் தகுதியிருந்தும் நம்மவர் நாவில் அதிகம் வராத நகரம் ஒன்று உண்டு. அதன் பெயர் எதிர்னே. இன்றைய துருக்கியின் வடமேற்கு மூலையில், கிரேக்கமும் பல்கேரியாவும் துருக்கியைச் சந்திக்கும் இடத்தில் அது அமைந்துள்ளது. இஸ்தான்பூலிலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 240 கிலோமீட்டர். நகரத்திலிருந்து கால்மணி நேரம் வண்டியில் சென்றால் கிரேக்க எல்லை வந்துவிடும். சற்றுக் கூடுதலாகச் சென்றால் பல்கேரிய எல்லை.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் ஹாட்ரியன் தம் பெயரால் புதுப்பித்த ஊர் இது. ஹாட்ரியனோப்பிள் என்ற அப்பெயரே காலப்போக்கில் உருமாறி எதிர்னே ஆயிற்று. 1360களில் சுல்தான் முதலாம் முராத் காலத்தில் உஸ்மானியர் வசமாயிற்று. 1453இல் கான்ஸ்டாண்டிநோபிள் வெற்றிகொள்ளப்படும் வரை உஸ்மானியரின் தலைநகரமாக விளங்கியது. அந்த வெற்றிக்குரிய சுல்தான் முஹம்மத் அல்ஃபாத்திஹ் பிறந்தது இந்நகரில்தான். கான்ஸ்டாண்டிநோபிளின் மதில்களைத் தகர்த்த பெரும் பீரங்கி வார்க்கப்பட்டதும் இங்கேதான். எருதுகள் பூட்டி இங்கிருந்தே அதை இழுத்துச் சென்றார்கள்.

இவை வெற்றிகளின் கதை. ஆனால் எதிர்னேயை வெற்றிகளின் வழியாக மட்டும் பார்த்தால் அதைப் பாதிதான் பார்த்தவர்களாவோம். இந்நகரும் இதைச் சூழ்ந்த சிற்றூர்களும் நமக்குக் கற்றுத்தரும் பெரிய பாடம் வக்ஃபைப் பற்றியது. ஒரு பாலம், ஒரு சத்திரம், ஒரு கடைத்தெரு, ஒரு பள்ளிவாசல், ஒரு மத்ரஸா ஆகியவை எவ்வாறு ஒன்றையொன்று தாங்கி நின்று ஓர் ஊரையே உருவாக்கின என்பதை இங்கே கண்ணால் காணலாம். ஆட்சி மாறி எல்லைக்கோடு விழும்போது அந்த அமானிதங்கள் என்னவாயின என்பதையும் இங்கேயே காணலாம்.

சாலை ஓரத்தில் பிறந்த ஊர்கள்

இஸ்தான்பூலிலிருந்து எதிர்னே வழியாக பெல்கிரேடு நோக்கிச் செல்லும் சாலை உஸ்மானியப் பேரரசின் முதுகெலும்பாக இருந்தது. படைகள், தூதர்கள், வணிகக் கூட்டங்கள் எல்லாம் அவ்வழியே சென்றன. மனிதனும் விலங்கும் ஒரு நாளில் நடக்கக்கூடிய தூரத்திற்கு ஒரு தங்குமிடம் வேண்டும். குடிநீர் வேண்டும், தொழ இடம் வேண்டும், ஆற்றைக் கடக்கப் பாலம் வேண்டும். இந்தத் தேவைகளிலிருந்தே லூலேபுர்காஸ், பாபாஎஸ்கி, ஹவ்ஸா போன்ற சந்தை ஊர்கள் செழித்தன.

இவ்வூர்களின் கட்டடங்களைப் பெரும்பாலும் அரசுக் கருவூலம் கட்டவில்லை. தனி மனிதர்கள் தம் சொந்தச் செல்வத்தை வக்ஃபாக எழுதிவைத்தே கட்டினார்கள். லூலேபுர்காஸில் பள்ளிவாசல், மத்ரஸா, வணிகர் விடுதி, குளியல் கூடம், கடைத்தெரு, பாலம் ஆகிய அனைத்தையும் ஒரே வளாகமாக அமைத்தவர் பிரதம அமைச்சர் சொகொல்லு முஹம்மத் பாஷா. 1565 முதல் 1579 வரை மூன்று சுல்தான்களின் கீழ்ப் பதவி வகித்தவர் அவர். வளாகத்தை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் சினான். ஹவ்ஸாவில் இருக்கும் மற்றொரு வளாகம் அதே பாஷாவின் மகன் காஸிம் பாஷாவின் பெயரால், அதே சினானின் வடிவமைப்பில் எழுந்தது. இடையிலுள்ள பாபாஎஸ்கியின் பள்ளிவாசலும் சினானின் வடிவமைப்பே. அதற்குரியவர் சொகொல்லுவுக்கு முன் பிரதம அமைச்சராயிருந்த ஸெமிஸ் அலீ பாஷா.

சொகொல்லு முஹம்மத் பாஷா பொஸ்னியாவின் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். தெவ்ஷிர்மே என்னும் முறைப்படி, சிறுவராக இருக்கும்போதே குடும்பத்திலிருந்து பிரித்து அரண்மனைக்குக் கொண்டுவரப்பட்டவர். அந்த முறையின் கடுமையை நாம் மறைக்க வேண்டியதில்லை. குழந்தையைப் பறிகொடுத்த தாயின் துயரத்தை எந்த அழகிய குவிமாடமும் ஈடுசெய்துவிடாது. வரலாற்றை அமானிதமாகக் கருதுகிறவர்கள் இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

லூலேபுர்காஸிலும் ஹவ்ஸாவிலும் கடைத்தெருவின் நடுவே ஒரு குவிமாடம் உண்டு. மக்கள் அதை துஆ குவிமாடம் என்று அழைக்கிறார்கள். எதிர்னே நகரின் ஸெலீமிய்யா கடைத்தெருவிலும் இதுபோன்ற ஒன்று இருக்கிறது. வணிகர்கள் காலையில் கடை திறக்கும் முன் அதன் கீழ் கூடி துஆ செய்வார்கள், நேர்மையாக வியாபாரம் செய்வோம் என்று உறுதி எடுப்பார்கள் என்பது அவ்வூர்களில் வழங்கிவரும் செய்தி. அளவையில் குறைக்காதே, சரக்கின் குறையை மறைக்காதே, பொய்ச் சத்தியம் செய்யாதே என்ற நபிவழிப் போதனைகளை நாம் மிம்பரில் கேட்கிறோம். அங்கே அதற்கென்று சந்தையின் நடுவிலேயே ஓர் இடம் கட்டிவைத்தார்கள்.

உசுன்கோப்ரு: பாலத்தால் பிறந்த ஊர்

எதிர்னேயிலிருந்து தெற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் எர்கெனே ஆற்றங்கரையில் உசுன்கோப்ரு என்ற ஊர் உள்ளது. துருக்கிய மொழியில் இச்சொல்லுக்கு நீண்ட பாலம் என்று பொருள். பெயருக்கேற்ப 174 வளைவுகளோடு கட்டப்பட்ட, 1,200 மீட்டருக்கும் அதிக நீளமுள்ள கல் பாலம் அங்கே நிற்கிறது. சுல்தான் இரண்டாம் முராத் காலத்தில், 1420களின் இறுதியில் தொடங்கி 1440களில் நிறைவுற்றது.

அப்பாலம் கட்டப்படுமுன் அந்த இடம் காடும் சேறுமாய், வழிப்பறிக்காரர்கள் பதுங்குமிடமாய் இருந்தது என்று 15ஆம் நூற்றாண்டின் உஸ்மானிய வரலாற்றாசிரியர் ஆஷிக்பாஷாஸாதே பதிவு செய்துள்ளார். சுல்தான் காட்டைத் திருத்திப் பாலம் கட்டினார். பாலத்தின் தலைமாட்டில் பள்ளிவாசலும், மத்ரஸாவும், வழிப்போக்கருக்கு உணவளிக்கும் சமையற்கூடமும் அமைத்தார். அங்கே குடியேறியோருக்கு வரிவிலக்கு அளித்து, பாலத்தைப் பேணும் பொறுப்பை அவர்களிடமே ஒப்படைத்தார். இவ்வாறே ஓர் ஊர் பிறந்தது.

இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைக் கவனியுங்கள். பாலம் கட்டுவது ஒரு முறை செய்யும் செலவு. அதைப் பேணுவதோ ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலை. ஒவ்வொரு வெள்ளத்திற்குப் பின்னும் யாரேனும் ஒருவர் வந்து கல்லைச் சரிபார்க்க வேண்டும். அந்த ஒருவருக்கு அங்கே வீடு வேண்டும், பிழைப்பு வேண்டும், பிள்ளைகள் ஓத மத்ரஸா வேண்டும். கட்டும்போதே இத்தனையையும் எண்ணிப் பார்த்ததால்தான் அது ஏறத்தாழ ஆறு நூற்றாண்டுகள் நின்றது. நம் ஊர்களில் பெரும் பொருட்செலவில் கட்டடம் எழுப்பிவிட்டு, அதைப் பேணுவதற்கு ஆண்டுதோறும் ரசீதுப் புத்தகத்தோடு அலைகின்ற நிலையோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நகரின் மூன்று பள்ளிவாசல்கள்

இனி நகருக்குள் நுழைவோம். எதிர்னேயின் மையத்தில் ஒன்றிலிருந்து ஒன்று நடந்து செல்லும் தூரத்தில் மூன்று பெரும் பள்ளிவாசல்கள் நிற்கின்றன.

முதலாவது, பழைய பள்ளிவாசல் எனப் பொருள்படும் எஸ்கி ஜாமிஃ. 1403இல் தொடங்கி 1414இல் நிறைவுற்றது. தைமூரின் படையெடுப்பால் உஸ்மானிய அரசு சிதறி, சகோதரர்கள் ஒருவரோடொருவர் போரிட்ட குழப்பமான ஆண்டுகள் அவை. ஒரு சகோதரர் தொடங்கியதை மற்றொரு சகோதரரான சுல்தான் முதலாம் முஹம்மத் முடித்தார். ஒன்பது குவிமாடங்கள் கொண்ட எளிய சதுரக் கட்டடம். உள்ளே சுவர்களிலும் தூண்களிலும் ஆள் உயரத்தையும் மிஞ்சும் அரபு எழுத்தணிகள் பார்ப்பவரை வியக்க வைக்கின்றன. இப்பள்ளிக்கு வருமானம் தருவதற்காகவே அருகில் பெதெஸ்தென் என்ற குவிமாடங்கள் கொண்ட அங்காடியும் கட்டப்பட்டது. விலையுயர்ந்த துணிகளும் அணிகலன்களும் அங்கே விற்கப்பட்டன. கடை வாடகை பள்ளிவாசலுக்குச் சென்றது. இன்றும் அது அங்காடியாகவே இயங்குகிறது.

இரண்டாவது, மூன்று மாடங்கள் கொண்டது எனப் பொருள்படும் ஊச் ஷெரெஃபெலி ஜாமிஃ. சுல்தான் இரண்டாம் முராத் கட்டியது. 1447இல் நிறைவுற்றது. ஏறத்தாழ 24 மீட்டர் விட்டமுள்ள அதன் குவிமாடம் அதுவரை உஸ்மானியர் கட்டியவற்றில் மிகப் பெரியது. ஒரே மினாரில் மூன்று மாடங்கள் இருப்பதாலேயே இப்பெயர். இதற்கு முன்னரே 1435இல் இதே சுல்தான் இந்நகரில் தாருல் ஹதீஸ் ஒன்றையும் நிறுவியிருந்தார். ஹதீஸ்கலை கற்பிப்பதற்கென்றே ஒரு நிறுவனம், அதற்கென்று தனி வக்ஃபு வருமானம் என்ற ஏற்பாடு, கல்விப் பணியில் இருப்பவர்களாகிய நம்மைச் சற்று ஏக்கத்தோடு பார்க்க வைக்கிறது.

மூன்றாவது, நகரில் எங்கிருந்து பார்த்தாலும் கண்ணில் படும் ஸெலீமிய்யா. சுல்தான் இரண்டாம் ஸெலீமுக்காகச் சினான் தம் முதுமையில், எண்பது வயதை ஒட்டிய காலத்தில் கட்டியது. 1568இல் பணி தொடங்கியது. எட்டுத் தூண்களின் மேல் 31 மீட்டருக்கும் சற்றுக் கூடுதலான விட்டமுள்ள ஒரே குவிமாடம். நான்கு மூலைகளில் ஏறத்தாழ 71 மீட்டர் உயரமுள்ள நான்கு மினார்கள். உள்ளே நின்றால், இடையில் தடுப்பேதுமின்றி ஒரே கூரையின் கீழ் ஜமாஅத் முழுவதும் ஒன்றாக நிற்பதை உணரலாம். சினானின் எண்ணமும் அதுவே. இதையே தம் தேர்ச்சிக் காலப் படைப்பு என்று அவர் கருதியதாகச் சொல்லப்படுகிறது. 2011இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கட்டச் சொன்ன சுல்தான் ஸெலீம் 1574 டிசம்பரில் மரணித்தார். பள்ளிவாசல் தொழுகைக்குத் திறக்கப்பட்டது அதற்குச் சில மாதங்களுக்குப் பின், 1575இல்தான். பேரரசின் செல்வத்தையெல்லாம் கையில் வைத்திருந்தவருக்கு, தாம் கட்டுவித்த பள்ளியில் ஒரு ஜும்ஆ தொழும் வாய்ப்பு வழங்கப்படவில்லை. ஆயுளின் அளவு யார் கையிலும் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேடவேண்டியதில்லை.

ஸெலீமிய்யாவின் முஅத்தின் மேடையைத் தாங்கும் ஒரு தூணில் தலைகீழான துலிப் மலர் ஒன்று செதுக்கப்பட்டிருக்கிறது. பள்ளிவாசல் எழுந்த நிலம் ஒரு துலிப் தோட்டமாக இருந்ததாகவும், அதன் உரிமையாளர் எளிதில் விற்க இசையவில்லை என்றும், அந்த மனத்தாங்கலின் அடையாளமாகவே மலர் தலைகீழாகச் செதுக்கப்பட்டது என்றும் மக்கள் கதை சொல்வார்கள். இதற்கு வரலாற்றுச் சான்று இல்லை. ஆயினும் அல்லாஹ்வின் இல்லத்திற்கேயானாலும் ஒருவருடைய நிலத்தை அவர் மனமொப்பித் தரவேண்டும் என்ற உணர்வு பொதுமக்களிடம் இருந்ததால்தான் இத்தகைய கதை நிலைத்தது என்று நாம் எண்ணுகிறோம்.

ஸெலீமிய்யாவை ஒட்டி, சுல்தான் மூன்றாம் முராத் காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள் கொண்ட நீண்ட கடைத்தெரு கட்டப்பட்டது. அதன் வாடகையும் பள்ளிக்கே. நகரின் மற்றொரு பெரும் அங்காடியான அலீ பாஷா சந்தையோ பாபாஎஸ்கியில் உள்ள ஸெமிஸ் அலீ பாஷாவின் வளாகத்திற்கு வருமானம் ஈட்டித்தரவே கட்டப்பட்டது என்பர். நகரத்துக் கடைகளின் வாடகை சிற்றூர்ப் பள்ளிவாசலைத் தாங்கியது. இன்று நம் சமுதாயத்தில் நகரத்து ஜமாஅத்தின் வருமானம் அந்த ஜமாஅத்தின் வாசலைத் தாண்டுவது அரிது. பக்கத்துக் கிராமத்தில் இமாமுக்கு மாதச் சம்பளம் கொடுக்க வழியின்றி பள்ளி பூட்டிக்கிடந்தாலும் அது நம் கணக்கில் வருவதில்லை.

துன்ஜா ஆற்றங்கரையின் மருத்துவமனை

நகருக்குச் சற்று வெளியே, துன்ஜா ஆற்றங்கரையில் சுல்தான் இரண்டாம் பாயஸீத் அமைத்த வளாகம் உள்ளது. 1484இல் தொடங்கி 1488இல் நிறைவுற்றது. பள்ளிவாசல், உணவுக்கூடம், மருத்துவ மத்ரஸா, மருத்துவமனை அனைத்தும் ஒரே இடத்தில். மாணவர்கள் மத்ரஸாவில் பாடம் கற்று, பக்கத்திலேயே நோயாளிகளைப் பார்த்துப் பயிற்சி பெற்றார்கள்.

மருத்துவமனையின் மையம் ஒரு குவிமாடக் கூடம். அதைச் சுற்றி நோயாளிகளின் அறைகள். நடுவே நீரூற்று. மனநோயாளிகளும் இங்கே சிகிச்சை பெற்றார்கள். 17ஆம் நூற்றாண்டில் இதைப் பார்த்த பயணி எவ்லியா செலெபி, பத்து இசைக் கலைஞர்கள் வாரம் மூன்று முறை நோயாளிகளுக்காக இசைத்ததாக எழுதியுள்ளார். நீரின் ஓசையும், மலர்களின் நறுமணமும் சிகிச்சையின் பகுதியாக இருந்தன. இசையின் மார்க்கச் சட்டம் குறித்து அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாடு நாம் அறிந்ததே. அந்த விவாதத்திற்குள் இங்கே செல்லவில்லை. மனநோயாளியைத் துன்புறுத்தாமல், பேய் பிடித்தவர் என்று ஒதுக்காமல், பொறுமையாகப் பேணிய அந்தப் பரிவையே நாம் கவனிக்க வேண்டும். மனநோய் கண்டவரைச் சங்கிலியிட்டுக் கட்டும் வழக்கம் நம் நாட்டில் இன்னும் முற்றாக ஒழியவில்லை. தம் மகனுக்கு மனநல மருத்துவரைப் பார்ப்பதை வெட்கமாகக் கருதி மறைக்கும் பெற்றோர் நம் மஹல்லாக்களில் எத்தனை பேர்!

இக்கட்டடம் இன்று திரேஸ் பல்கலைக்கழகத்தின் நலவாழ்வு அருங்காட்சியகம். 2004இல் ஐரோப்பிய மன்றத்தின் அருங்காட்சியக விருதைப் பெற்றது.

எல்லை வந்த கதை

பேரரசின் நடுவே இருந்த எதிர்னே எவ்வாறு எல்லை நகரம் ஆயிற்று? எதிர்னே நகர்ந்து செல்லவில்லை. எல்லைதான் அதை நோக்கி நகர்ந்து வந்தது. 1829இல் ரஷ்யப் படை நகரைக் கைப்பற்றியது. 1878இல் மீண்டும் வந்தது. அப்போது ஆயுதக் கிடங்கு பகைவர் கையில் விழாதிருக்க, உஸ்மானிய அதிகாரிகளே அதை வெடிவைத்துத் தகர்த்தனர். அதில் பழைய அரண்மனையின் பெரும்பகுதி அழிந்தது.

1912இல் பால்கன் போர் மூண்டது. லூலேபுர்காஸில் நடந்த பெரும் சண்டையில் உஸ்மானியப் படை தோற்றது. எதிர்னே முற்றுகையிடப்பட்டது. தளபதி ஷுக்ரி பாஷா பல மாதங்கள் நகரைக் காத்தார். உணவும் உப்பும் தீர்ந்த நிலையில் 1913 மார்ச் 26 அன்று நகரம் பல்கேரியப் படையிடம் வீழ்ந்தது. சிறைபிடிக்கப்பட்ட வீரர்கள் துன்ஜா ஆற்றின் நடுவேயுள்ள ஸராய் இச்சி என்ற தீவில் அடைக்கப்பட்டனர். பசியால் மரப்பட்டைகளை உரித்துத் தின்றார்கள். பசியாலும் காலராவாலும் பெரும் எண்ணிக்கையில் மடிந்தார்கள். போருக்குப் பின் ஆய்வு செய்த கார்னகி அறக்கட்டளையின் பன்னாட்டுக் குழு, ஆள் எட்டும் உயரம் வரை பட்டை உரிந்து நின்ற மரங்களைப் பதிவு செய்துள்ளது.

1913 ஜூலையில் உஸ்மானியப் படை நகரை மீட்டது. அதே குழுவின் அறிக்கை, மீட்புக்குப் பின் திரேஸ் பகுதியின் பல்கேரியக் கிராமங்கள் எரிக்கப்பட்டதையும் மக்கள் கொல்லப்பட்டதையும் பதிவு செய்கிறது. நம் மாணவர்களுக்கு முதல் செய்தியை மட்டும் சொல்லி இரண்டாவதை விழுங்கிவிடலாமா? ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்துவிடக் கூடாது என்பது நமக்கு இடப்பட்ட கட்டளை. அக்கட்டளை வரலாற்றுப் பாடத்திற்கும் பொருந்தும். நம்மவர் பட்ட துன்பத்துக்குக் கண்ணீர் விடுகிற கண்கள், நம்மவர் செய்த அநியாயத்தின் முன் மூடிக்கொள்ளுமானால் அந்தக் கண்ணீருக்கு மதிப்பில்லை.

எதிர்னேயின் வீழ்ச்சி இந்திய முஸ்லிம்களை உலுக்கிய நிகழ்ச்சியாகும். 1912 இறுதியில் டாக்டர் எம்.ஏ. அன்சாரி தலைமையில் ஒரு மருத்துவக் குழு பம்பாயிலிருந்து கப்பலேறி, காயமுற்ற உஸ்மானிய வீரர்களுக்குச் சிகிச்சையளிக்கச் சென்றது. அதற்கான நிதியை இந்திய முஸ்லிம்கள் திரட்டினார்கள். சில ஆண்டுகளுக்குப் பின் சென்னை மாகாணம் உட்பட நாடெங்கும் பரவிய கிலாஃபத் இயக்கத்தின் விதைகளில் இந்த வேதனையும் ஒன்று.

1920இல் கிரேக்கப் படை நகருக்குள் வந்தது. 1922 நவம்பரில் நகரம் துருக்கியரிடம் திரும்பியது. அதற்கு முன்னரே அப்பகுதியின் கிரேக்கர்கள் மாட்டுவண்டிகளில் மூட்டை முடிச்சுகளோடு மெரிச் ஆற்றைக் கடந்து வெளியேறிவிட்டார்கள். 1923ஆம் ஆண்டு லொசான் ஏற்பாடுகளின்படி துருக்கியும் கிரேக்கமும் தம் மக்களைப் பரிமாறிக்கொண்டன. மேற்குத் திரேஸின் முஸ்லிம்களுக்கும் இஸ்தான்பூலின் கிரேக்கர்களுக்கும் மட்டும் இதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. மெரிச் ஆறு எல்லையாயிற்று. ஆற்றுக்கு அப்பாலிருந்த கராஆச் பகுதி மட்டும் போர் இழப்பீடாகத் துருக்கிக்குக் கிடைத்தது. அதன் பின்னரும் இஸ்தான்பூலிலிருந்து எதிர்னே வரும் இரயில், 1971இல் புதிய பாதை அமையும் வரை, கிரேக்க நிலத்தின் வழியாகவே நகரை அடைந்தது.

1492க்குப் பின் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்கள் அடைக்கலம் பெற்ற ஊர்களில் எதிர்னேயும் ஒன்று. நூற்றாண்டுகள் அவர்கள் இங்கே வாழ்ந்தார்கள். 1909இல் இங்கே திறக்கப்பட்ட பெரும் யூத ஆலயம் ஐரோப்பாவின் பெரியவற்றுள் ஒன்று. 1934இல் திரேஸ் யூதர்கள் மீது தாக்குதல்கள் நடந்தன. பலர் ஊரைவிட்டு வெளியேறினர். கூரை இடிந்து கிடந்த ஆலயம் 2015இல் புதுப்பித்துத் திறக்கப்பட்டபோது அதை நிரப்ப ஊரில் யூதர்கள் இல்லை. அடைக்கலம் தந்ததைப் பெருமையாகப் பேசுவோர், அந்த அடைக்கலம் எப்படி முடிந்தது என்பதையும் பேச வேண்டும்.

கோட்டுக்கு அப்பால் கிடந்த வக்ஃபுகள்

எல்லை மனிதர்களை மட்டும் பிரிக்கவில்லை. வக்ஃபையும் அதன் வருமானத்தையும் பிரித்தது. பள்ளிவாசல் ஒரு நாட்டில், அதைத் தாங்கிய கிராமங்களும் சத்திரங்களும் வேறு நாட்டில் என்றானது. எதிர்னேக்கு மேற்கே மெரிச் ஆற்றின் மேல் 1529இல் முஸ்தஃபா பாஷா கட்டிய கல் பாலம், அதன் பெயராலேயே ஓர் ஊரை உருவாக்கியது. இன்று அவ்வூர் பல்கேரியாவின் ஸ்விலென்கிராட். பாலத்தின் மேல் வண்டிகள் இன்றும் செல்கின்றன. அதோடு சேர்ந்திருந்த விடுதியும் பள்ளியும் இல்லை.

தெற்கே கிரேக்கத்தில் திமெதோகா என்ற பழைய சந்தை நகரம் உள்ளது. மருத்துவமனை கட்டிய சுல்தான் இரண்டாம் பாயஸீத் பிறந்த ஊர் அது. அங்கே 1420இல் நிறைவுற்ற பெரும் பள்ளிவாசலின் மரக்கூரை உஸ்மானியத் தச்சுக்கலையின் அரிய சின்னமாகப் போற்றப்பட்டது. புதுப்பிக்கும் பணி நடந்துகொண்டிருந்தபோது, 2017 மார்ச்சில் ஒரே இரவில் தீக்கிரையாயிற்று. தொழுவோர் இல்லாத பள்ளியைக் காப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு அது சாட்சி.

இன்றைய எதிர்னே

இன்று செல்பவர்கள் இந்தத் துயரங்களை உடனே காணமாட்டார்கள். கண்ணில் படுவது உயிர்ப்புள்ள சந்தை நகரம். மெல்லியதாகச் சீவி எண்ணெயில் பொரித்த ஈரல், வெள்ளைப் பாலாடைக்கட்டி, பாதாம் இனிப்பு, பழங்களின் வடிவில் செய்த வாசனைச் சோப்பு ஆகியவை இவ்வூரின் புகழ்பெற்ற பொருட்கள். அண்மை ஆண்டுகளில் துருக்கிய நாணயத்தின் மதிப்பு சரிந்ததால், பல்கேரியாவிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் மக்கள் பேருந்துகளில் வந்து வாரச்சந்தையில் பைநிறைய வாங்கிச் செல்கிறார்கள். நூறாண்டுகளுக்கு முன் ஒருவரையொருவர் துரத்திய மக்களின் பேரப்பிள்ளைகள் இன்று தக்காளிக்கும் துணிக்கும் ஒருவரோடொருவர் பேரம் பேசுகிறார்கள்.

சுற்றியுள்ள சமவெளியில் கோடையில் சூரியகாந்தி பூத்துக் கிடக்கும். தெற்கே இப்ஸாலா பக்கம் போனால் நெல் வயல்கள் விரியும். துருக்கியின் அரிசியில் பெரும்பங்கு அந்த மெரிச் சமவெளியில் விளைகிறது. வயல்வரப்பையும் மதகையும் பார்க்கும் தஞ்சைக்காரர்களுக்கு அது அந்நிய பூமியாகத் தோன்றாது.

ஆண்டுதோறும் கோடையில் ஸராய் இச்சித் தீவில் கிர்க்பினார் எண்ணெய் மல்யுத்தம் நடைபெறுகிறது. அதன் பழைய களம் எல்லைக்கு அப்பால் கிரேக்கத்தில் போய்விட்டதால் 1920களில் இங்கே மாற்றப்பட்டது. 1913இல் கைதிகள் மரப்பட்டை தின்ற அதே தீவு. இன்று அங்கே வெற்றி பெற்றவர் தோற்றவரைக் கட்டித் தழுவுகிறார். சென்று பார்ப்பவர்கள் அந்த மண்ணில் மடிந்தவர்களுக்காக ஒரு ஃபாத்திஹா ஓதிவிட்டு வருவது நல்லது.

நமக்கான கணக்கு

ஸதக்கத்துல் ஜாரியா என்னும் நிலையான தர்மம், செய்தவர் மறைந்த பின்னும் அவருக்கு நன்மை சேர்த்துக்கொண்டிருக்கும் என்பது நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் பாடம். எதிர்னே அந்தப் பாடத்திற்கு ஓர் உரை. சொகொல்லு முஹம்மத் பாஷாவின் அதிகாரம் 1579இல் ஒரு கொலையாளியின் கத்தியோடு முடிந்தது. அவர் கட்டிய லூலேபுர்காஸ் பள்ளியில் இன்றும் பாங்கு ஒலிக்கிறது. உஸ்மானிய அரசு முடிந்து நூறாண்டு கடந்துவிட்டது. பெதெஸ்தெனில் கடைகள் திறந்திருக்கின்றன.

ஆனால் வக்ஃபு தானாக நிற்பதில்லை. அங்கே நின்றவை எல்லாம், சாசனத்தில் வருமானமும் செலவும் தெளிவாக எழுதப்பட்டு, பேணுவதற்கு மனிதர்கள் இருந்தவை. விழுந்தவற்றுள் பல, பேண ஆளில்லாமல் விழுந்தவை. நம் நாட்டில் பள்ளிவாசலுக்கு முன்னோர் எழுதிவைத்த கடைகள் சந்தையின் மையத்தில் இருக்கின்றன. பல இடங்களில் அவற்றின் வாடகை, பக்கத்துக் கடையின் வாடகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதில் குடியிருப்பவர்கள் பெரும்பாலும் வேற்றார் அல்லர், நம்மவர்களே. முதல் வரிசையில் நின்று தொழுகிறவர்களும் அவர்களுள் உண்டு. எந்தப் படையும் வந்து பறிக்காத வக்ஃபை நாமே சிறுகச் சிறுகத் தின்கிறோம். அந்த வருமானம் ஒழுங்காக வந்தால் எத்தனை மக்தபுகள் நடக்கும், எத்தனை விதவைகளின் வீட்டில் அடுப்பெரியும், கிராமத்து உஸ்தாதின் பிள்ளை எத்தனை பேர் படிப்பார்கள் என்று ஒவ்வொரு ஜமாஅத்தும் ஒரு காகிதத்தில் கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

உங்கள் மஹல்லாவின் வக்ஃபு சாசனத்தை ஒருமுறையேனும் கேட்டு வாங்கிப் படியுங்கள். எழுதிவைத்தவர் யார், எதற்காக எழுதிவைத்தார், இன்று அது அதற்குத்தான் செலவாகிறதா என்று பாருங்கள். நீங்கள் வாடகைதாரராக இருந்தால், நாளை மஹ்ஷரில் அந்த முன்னோரின் முகத்தைப் பார்க்க நேரும் என்பதை எண்ணி நியாயமான வாடகையை நீங்களே முன்வந்து உயர்த்துங்கள். கடை திறக்கும் முன் துஆ குவிமாடத்தின் கீழ் நின்ற அந்த வணிகர்கள் செய்த உறுதி அதுதான்.

வல்ல அல்லாஹ் நம் முன்னோர் விட்டுச்சென்ற அமானிதங்களைப் பேணும் நற்பேற்றையும், நமக்குப் பின் வருவோருக்கு நாமும் எதையேனும் விட்டுச்செல்லும் தௌஃபீக்கையும், பகைவரிடத்தும் நீதி தவறாத உள்ளத்தையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.